கொடுத்தால் தர்மம், விற்றால் கேவலமா?

நம் வீடுகளில் பழைய துணிக்கென்று எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது, வாங்கவே கூடாது. பீரோ நிரம்பிக் கதவு சாத்த முடியாமல் போனால், இரண்டு கட்டைப்பைகளில் திணித்து வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ வாட்ச்மேனிடமோ நீட்டிவிட்டால் புண்ணியம். அதே பையிலிருந்து நல்ல நிலையில் இருக்கும் ஒரு சுடிதாரை எடுத்து 300 ரூபாய்க்கு விற்றால், ‘உனக்கு அவ்வளவு பஞ்சமா?’ என்ற கேள்வி வரும். அதை 300 ரூபாய் கொடுத்து வாங்கியவள் வீட்டில் கேட்கும் கேள்வி இன்னும் கூர்மையானது: ‘யார் போட்டுக் கழித்ததோ!’ இந்தச் சட்டத்தை தர்மம், சுத்தம், மானம் என்ற மூன்று பெயர்களைச் சொல்லிக் காப்பாற்றிவருகிறோம். அந்த மூன்றையுமே அது கெடுக்கிறது என்பது என் கட்சி. உடுத்திய துணி விலை பேசப்பட்டுக் கைமாறும்போதுதான் துணிக்கும் மரியாதை, உடுத்துகிறவருக்கும் மரியாதை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பம் கடன்படாமல் நன்றாக உடுத்த இதைவிட நேரான வழி இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை.

முதலில், நாம் பழைய துணியை விற்பதே இல்லை என்பது பொய். எவர்சில்வர் பாத்திரத்தையும் பிளாஸ்டிக் பக்கெட்டையும் சுமந்துகொண்டு தெருவில் வருகிறவரிடம் காலங்காலமாக விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த வியாபாரத்தை ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். மூட்டை அவிழ்ந்ததும் அவர் பேன்ட்டை இடுப்பில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குவார். உட்காரும் இடத்தில் நூல் இளைத்திருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஜிப்பை ஒரு தடவை ஏற்றி இறக்குவார். சட்டையென்றால் காலர் மடிப்பை விரலால் நீவிப் பார்ப்பார். பனியன், உள்பாவாடை, கிழிந்த லுங்கியெல்லாம் கண் படுவதற்கு முன்பே ஒதுங்கிவிடும். ‘ரெண்டு பேன்ட்டு, ஒரு புடவை சேர்த்துப் போடுங்க, இந்த டப்பாவை எடுத்துக்குங்க’ என்பார். ‘மூடியோட குடுங்க, அதான் பேச்சு’ என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும். பேரம் முடிந்து டப்பா உள்ளே போனால் துவரம்பருப்பு நிரப்பப்பட்டு அடுப்படி அலமாரியில் பத்து வருஷம் இருக்கும். காசு கைமாறாததால் இதை விற்பனை என்று யாரும் எண்ணுவதில்லை. ‘பழசைப் போட்டுப் பாத்திரம் எடுத்தேன்’ என்பதோடு சரி. அவர் கொண்டுபோன பேன்ட் துவைக்கப்பட்டு, தைக்கப்பட்டு, இஸ்திரி போடப்பட்டு ஏதாவது ஒரு சந்தையில் தொங்கும். வடக்கே இதையே குலத்தொழிலாகச் செய்யும் வாக்ரி சமூகத்தார் டெல்லி ரகுபீர் நகரில் விடிவதற்கு முன்பே கூடிச் சந்தை நடத்துகிறார்கள்.

பட்டுப்புடவையின் கதை இதைவிட வேடிக்கை. பழைய பட்டுப்புடவை வாங்குவதாக போர்டு மாட்டிய கடைக்கு அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்துப்போவதில் யாருக்கும் கூச்சமில்லை. அங்கே புடவையின் நிறத்தையோ நெசவையோ பார்க்க மாட்டார்கள். ஜரிகை அசலா என்று உரசிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், பணம் கொடுப்பார்கள். பட்டு நூலில் சுற்றிய வெள்ளிக்கம்பிக்குத்தான் அந்த விலை. புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். நெசவாளர் பல நாள் தறியில் உட்கார்ந்து நெய்தது, இன்னும் முப்பது விசேஷத்துக்குத் தாங்கக்கூடியது, தீயில் போகிறது. அதை இன்னொரு பெண் உடுத்திக்கொள்ள விற்றால் கேவலம், உருக்குவதற்கு விற்றால் கௌரவம். இந்தக் கணக்கு யாருக்குப் புரிகிறதோ அவர்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

உடுத்திய துணி என்றாலே அருவருப்பு என்பதும் முழு உண்மையல்ல. அக்காவின் பாவாடை தங்கைக்கு வருகிறது, அப்பாவின் வேட்டி வீட்டில் கட்டிக்கொள்ள மகனுக்கு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சைக்குழந்தையைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது பழைய துணிதான். பாட்டியின் நைந்த பருத்திச் சேலையைக் கிழித்துத்தான் சுற்றுகிறோம், தூளி கட்டுகிறோம். புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் அந்தத் தோலுக்கு ஆகாது, பல முறை துவைத்த பருத்திதான் மெத்தென்று இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். இருப்பதிலேயே மென்மையான உடம்புக்கு இருப்பதிலேயே பழைய துணியைக் கொடுத்த மரபு, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் அது அசுத்தம் என்று சொல்வது எப்படி? நோய் ஒட்டிக்கொள்ளும் என்பவர்களுக்கும் பதில் சுருக்கமானதுதான். எல்லோரும் பயப்படும் சொறி சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனிதத் தோலை விட்டு விலகினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்குவதில்லை; 50 டிகிரி சூட்டில் பத்து நிமிடத்தில் செத்துவிடும். வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தி இஸ்திரி போட்டால் வேலை முடிந்தது. கடையில் ட்ரையல் ரூமுக்குள் எத்தனை பேர் போட்டுக் கழற்றினார்கள் என்று தெரியாத சுடிதாரைத் துவைக்காமலே தீபாவளியன்று ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்திக்கொள்கிற நாம், துவைத்து வந்த துணியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். செத்தவர் துணியாக இருக்குமோ, பீடை ஒட்டுமோ என்ற பயத்தோடு வாதிட முடியாது. பழைய நகையை மாற்றிப் புதுநகை எடுக்கும்போது அந்தத் தங்கம் யார் கழுத்தில் கிடந்தது என்று ஏன் யாரும் கேட்பதில்லை என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கலாம்.

ஆக, ‘யார் போட்டதோ’ என்ற கேள்வியில் பயமுறுத்துவது அழுக்கு இல்லை, அந்த ‘யார்’. நம் ஊரில் முகம் தெரியாதவர் என்றாலே சாதி தெரியாதவர் என்றும் பொருள். இதைச் சொல்லாமல் பழைய துணியைப் பற்றிப் பேசுவது பாதி பேச்சுதான். இங்கேதான் இந்தக் கட்டுரைக்கு எதிரான மிக வலுவான வாதமும் நிற்கிறது. பண்ணையார் கழித்துப்போட்ட வேட்டியையே கூலியின் ஒரு பகுதியாக வாங்கிக் கட்டிக்கொண்ட தலைமுறைகள் இங்கே உண்டு. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சூத்திரனுக்கு மிச்சச் சோற்றையும் பழந்துணியையும் ஒரே மூச்சில் ஒதுக்குகிறது. தென் திருவிதாங்கூரில் மேலாடை போடும் உரிமைக்காகவே சாணார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராட, 1859இல்தான் அரசாணை வந்தது. 1927இல் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோது, தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டும் சேலைக்கட்டை விடச் சொன்னார். இந்த வரலாற்றிலிருந்து வந்த ஒரு குடும்பம், ‘என் பிள்ளை இனி ஒருவர் போட்ட துணியைப் போட மாட்டான்’ என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கடையில் மடிப்புக் கலையாமல் வாங்கிய சட்டை அந்த வீட்டுக்கு விடுதலைப் பத்திரம். அவர்களைப் பார்த்து ‘சிக்கனமாக இருங்கள்’ என்று உபதேசிக்க யாருக்கும் தகுதியில்லை.

ஆனால் அந்த அவமானம் எங்கே இருந்தது என்று உற்றுப் பார்க்க வேண்டும். துணி பழையது என்பதில் இருந்ததா, அது மேலிருந்து கீழே போடப்பட்டது என்பதில் இருந்ததா? கூலியாகப் பழந்துணியை வாங்கியவருக்கு மறுக்க வாய்ப்பில்லை. நிறம் கேட்க முடியாது, அளவு கேட்க முடியாது, ‘இது கிழிந்திருக்கிறது, வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. கொடுத்தவர் முகத்தைப் பார்த்து நன்றி வேறு சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இந்த நான்கும் இல்லை. அவர் பேன்ட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார், குறை சொல்வார், விலையைக் குறைக்கச் சொல்வார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே தரையில் நிற்கும் உறவு அது. பழைய வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பவர்கள் ஒழிக்க வேண்டியது கட்டைப்பை தர்மத்தை. நாமோ அதைப் புண்ணியக் கணக்கில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மறுக்கும் உரிமையைத் தரும் சந்தையை மட்டும் கேவலம் என்கிறோம்.

இலவசமாகக் கொடுக்கும் கை எதையெல்லாம் கொடுக்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26க்குப் பிந்தைய வாரங்களே சாட்சி. சுனாமி அடித்த நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவர்கள் அதைத் தொடவில்லை. சாலையோரங்களில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, மாடு மேய்ந்து, கடைசியில் அதை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்குத் தனி வேலையானது. வீட்டையும் படகையும் உறவையும் பறிகொடுத்தாலும், அதுவரை சொந்த உழைப்பில் உடுத்தியவர்கள் அவர்கள். அந்த மூட்டைகளைக் கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கட்டும்போது ‘இதற்கு யாராவது பத்து ரூபாய் கொடுப்பார்களா?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தால் பாதி மூட்டை லாரி ஏறியிருக்காது. விலை என்ற ஒன்று இருந்திருந்தால் பொத்தான் இல்லாத சட்டையும் சாயம் போன நைட்டியும் வீட்டிலேயே கரித்துணியாக நின்றிருக்கும். வேண்டுமா என்று கேட்காமலே ஒருவருக்கு அனுப்புவதற்கும் குப்பையில் போடுவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இந்தச் சிக்கலை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், 1999இல் டெல்லியில் கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா. கிராமத்தார் கிணறு தூர்வாரினாலோ பாதை போட்டாலோ அதற்குப் பரிசாகத் துணி என்ற முறையை அந்த அமைப்பு கொண்டுவந்தது. தானம் என்ற சொல்லையே அவர்கள் விரும்புவதில்லை. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது, துணியை அவர் கையாண்ட விதம் உலகத்தின் கண்ணில் பட்டது. நம் கட்டைப்பைகளில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

‘எல்லோரும் விற்க ஆரம்பித்தால் ஏழைகளுக்கு என்ன மிஞ்சும்?’ என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. வீட்டு வேலை செய்பவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த துணி நின்றுபோகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பையில் அவருக்குப் பொருந்துவது எத்தனை, அவர் உண்மையில் வேண்டுவது எத்தனை? பார்ட்டிக்கு எடுத்த ஜிகினா வைத்த கவுனும், தோள் மட்டும் அகலமான கோட்டும் அவர் வீட்டு ஒற்றை அறையில் இடத்தை அடைக்கும். வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரம்மாவுக்கு மனம் கோணும் என்பதால் வாங்கிக்கொள்வார். அவரும் அதைப் பாத்திரக்காரரிடம்தான் போடப்போகிறார். அவருக்கு மாதச் சம்பளத்தில் 500 ரூபாய் கூட்டிக் கொடுங்கள். துணி அவர் விருப்பப்படி வாங்கிக்கொள்வார். பல வீடுகளில் கட்டைப்பை தர்மம் சம்பள உயர்வுக்குப் பதிலாக நடக்கிறது என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தீபாவளிக்குப் பழைய புடவை கொடுத்துவிட்டு போனஸ் கொடுத்தாகிவிட்டது என்று கணக்கை மூடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

அடுத்த மறுப்பு, தர்மத்தை விட்டுக் கணக்குக்கு வருகிறது. புதுத்துணியே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பழையது எதற்கு? ஆடித் தள்ளுபடியில் 199 ரூபாய்க்குக் குர்த்தி தொங்குகிறது, கிலோ கணக்கில்கூடத் துணி விற்கிறார்கள். இந்த மலிவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 300 ரூபாய்க் குர்த்தி பத்துத் துவைப்பில் நிறம் மங்கி, தையல் கோணி, நைட்டிக்கு மேல் போடுகிற நிலைக்கு வந்தால், ஒரு தடவை உடுத்த 30 ரூபாய். 1,500 ரூபாய்க்கு ஒருத்தி வாங்கி நாலு தடவை போட்டு, உடம்பு பெருத்ததால் விற்ற நல்ல பருத்திக் குர்த்தியை 400 ரூபாய்க்கு வாங்கி நாற்பது தடவை உடுத்தினால், ஒரு தடவைக்கு 10 ரூபாய். அதையும் கடைசியில் 100 ரூபாய்க்கு விற்க முடிந்தால் இன்னும் குறைவு. பைக் வாங்கும்போது ‘ரீசேல் வேல்யூ’ கேட்கிறோம், மனை வாங்கும்போது கேட்கிறோம், நகையில் செய்கூலி சேதாரம் போக என்ன தேறும் என்று கேட்கிறோம். வருஷா வருஷம் பணம் கொட்டும் துணியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் வாங்கும் புத்தியே மாறும். மறுவிலை உள்ள துணி எது, ஒரு சீசனில் செத்துப்போகும் துணி எது என்று கண் பிரித்துப் பார்க்கப் பழகும். எலன் மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பதினைந்து ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது. ஒரு உடுப்பைக் கழிப்பதற்கு முன் உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்திருக்கின்றன. பழைய ஆடை மறுபடி ஆடைக்கான நூலாக மாறுவது 1 சதவீதத்துக்கும் கீழே. மறுசுழற்சி செய்துவிடலாம் என்ற ஆறுதலுக்கு அந்தக் கடைசி எண் இடம் தரவில்லை. பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் முறுக்கப்பட்டுவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. உடுப்பை உடுப்பாகவே இன்னொருவர் உடுத்துவதுதான் இருப்பதிலேயே எளிய மறுசுழற்சி.

இந்த வியாபாரத்துக்கு நம் ஊர் உடை கடவுள் கொடுத்தது மாதிரி அமைந்திருக்கிறது. பேன்ட்டிலும் சட்டையிலும் பழையது வாங்குவோரின் பெரிய தலைவலி அளவு. சேலைக்கும் வேட்டிக்கும் அளவே கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி ஒல்லியானவளுக்கும் குண்டானவளுக்கும் ஒன்றுதான். பிளவுஸ் ஒன்றைத்தான் புதிதாகத் தைக்க வேண்டும். எங்கே பார்த்து வாங்க வேண்டும் என்பதும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். பட்டாக இருந்தால் வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த கோட்டைப் பார்க்க வேண்டும், அங்கேதான் முதலில் இழை விடும். ஃபால்ஸ் வைத்த ஓரத்தைத் திருப்பி, கால் பட்டு உரசிய இடம் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொசுவம் செருகும் இடத்தில் சேஃப்டி பின் குத்திய ஓட்டை, முந்தானையில் குழம்புக் கறை, அக்குள் பக்கம் வியர்வை படிந்து ஜரிகை கறுத்த திட்டு, இவை எதுவும் இல்லையென்றால் மீதி நன்றாகத்தான் இருக்கும். குழந்தைகளின் பட்டுப்பாவாடையைச் சொல்லவே வேண்டாம். ஒரு பிறந்தநாள், ஒரு கல்யாணம், அதற்குள் பிள்ளை நாலு விரல்கடை வளர்ந்துவிடுகிறது. ரிசப்ஷன் லெஹங்கா ஒரு சாயங்காலம் உடுத்தி, டிரை வாஷ் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் பீரோவின் மேல்தட்டில் ஆயுள்தண்டனை அனுபவிக்கிறது. கைத்தறிச் சேலை 6,000 ரூபாய் என்றால் பல பெண்கள் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பவர்லூம் பக்கம் நகர்கிறார்கள். அதை நாலு வருஷம் கட்டி 2,500 ரூபாய்க்கு விற்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால், அவள் கண்ணில் அது 3,500 ரூபாய்ச் சேலை. நெசவாளருக்குப் போவது முழு 6,000 ரூபாய்க்கான கூலி.

நெசவாளரைச் சொன்னதும் ஆப்பிரிக்காவைக் காட்டுவார்கள். பழைய துணி இறங்கியதால் கானாவிலும் கென்யாவிலும் உள்ளூர் ஆலைகள் நலிந்தன என்ற வாதத்தில் சாரம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் இந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. அமெரிக்கா வரிச்சலுகையைக் காட்டி மிரட்ட, மற்றவர்கள் பின்வாங்கினார்கள். பின்வாங்காத ருவாண்டாவின் ஆடைகளுக்கு இருந்த சலுகை 2018இல் நிறுத்திவைக்கப்பட்டது. கானா தலைநகர் அக்ராவின் கான்டமான்டோ சந்தையில் வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் இறங்குவதாகவும், அதில் 40 சதவீதம் வரை குப்பையாகப் போவதாகவும் அங்கு இயங்கும் ‘தி ஓர் ஃபவுண்டேஷன்’ கணக்குச் சொல்கிறது. குப்பைக் கணக்கை அங்குள்ள வியாபாரிகள் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஊர் அக்கான் மொழியில் இந்தத் துணிக்குச் ‘செத்த வெள்ளைக்காரன் துணி’ என்று பெயர். ஆனால் இந்தக் கதையின் தொடக்கத்துக்குப் போனால் நம் கட்டைப்பைதான் கிடைக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தர்மப் பெட்டியில் போடப்பட்ட துணி, உள்ளூரில் விற்றது போக மிஞ்சியது, கட்டுக்கட்டாக இறுக்கப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. அக்ராவின் சில்லறை வியாபாரி கட்டைப் பிரித்துப் பார்க்காமலே பணம் கட்ட வேண்டும். பிரித்தபின் பாதி உதவாது என்றால் நஷ்டம் அவள் தலையில். முதல் கையில் இருந்தவருக்கு விலையும் இல்லை, கவலையும் இல்லை. கடைசிக் கையில் இருப்பவருக்குப் பார்த்து வாங்கும் உரிமை இல்லை. இந்தியா உடுத்திய துணி இறக்குமதியை உரிமத்துக்குள் கட்டிவைத்திருப்பது சரியே. அதைத் தளர்த்தச் சொல்லி நான் வாதாடவில்லை. கோயம்புத்தூர்க்காரி விற்று மதுரைக்காரி பார்த்து வாங்கும் புடவையோடு அந்தக் கட்டுகளை ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

திருப்பூருக்கு வேலை குறையுமே என்றால், கொஞ்சம் குறையலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஒரு சீசன் டீ-ஷர்ட் ஐந்துக்குப் பதில் மூன்று விற்கும். ஆனால் ஐந்து விற்றபோது நொய்யல் ஆறு என்ன விலை கொடுத்தது என்பதையும் அதே பேரேட்டில் எழுத வேண்டும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, ‘தண்ணீர் விடாதீர்கள்’ என்று உழவர்களே போராடிய அதிசயம் அங்கே நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. கழிவைச் சுத்திகரிக்கும் செலவைத் துணி விலையில் ஏற்றினால் 199 ரூபாய்க் குர்த்தி 199 ரூபாயாக இருக்காது.

என் பக்கத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் மறைப்பதற்கில்லை. இன்ஸ்டாகிராமில் ‘த்ரிஃப்ட்’ கடைகள் பெருகியபின், பழையது மலிவு என்ற ஒரே காரணத்துக்காக மாதம் பத்து உருப்படி வாங்கிக் குவிக்கும் கூட்டமும் உருவாகியிருக்கிறது. விற்றுவிடலாம் என்ற தைரியத்தில் புதுசும் கூடுதலாக வாங்குகிறார்கள். ‘பழைய துணி’ என்று சொல்லக் கூசி ‘ப்ரீலவ்டு’ என்று பெயர் வைத்ததிலேயே பாதி வியாதி தெரிகிறது. முன்பு ஒருவர் நேசித்ததாம்! பலதும் நேசிக்கப்படாததால்தான் விற்பனைக்கே வந்திருக்கும். இதற்குச் சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை, வாங்கும் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். முதலில் விற்பது, வந்த காசுக்குள் வாங்குவது. பீரோவில் இருக்கும் ஹேங்கர் எண்ணிக்கை கூடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் ஆசை தானாக அடங்கும். விற்பவரும் கறையைப் படத்தில் காட்டி, நீள அகலத்தை டேப் வைத்து அளந்து போட வேண்டும். கறையை மறைத்து விற்றவரிடம் ஒருவரும் இரண்டாம் தடவை வாங்க மாட்டார்கள். அந்தத் தண்டனை கட்டைப்பை தர்மத்துக்குக் கிடையாது.

ஆன்லைனில் மட்டும் இது நடக்க வேண்டும் என்றும் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் குழாயிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாமே இரண்டாம் கையாக விற்பதை ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தனியார் பள்ளிகளின் சீருடை விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பெற்றோர், ஏழாம் வகுப்புப் பையனின் பேன்ட்டை ஐந்தாம் வகுப்புப் பையனின் வீட்டுக்கு விற்க ஒரு சனிக்கிழமை காலையும் பள்ளி மைதானத்தில் நாலு பெஞ்சும் போதும். இதில் வேலை பெருகப்போகும் ஒருவரும் உண்டு. பெரிய ஜவுளிக்கடைக்கு எதிர்ச்சாரியில், மூடிய ஷட்டரின் முன்னால் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் தையல்காரர். ஒரு காலத்தில் தேய்ந்த காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுத்தார்கள், சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் கூடும். இப்போது அதைக் கேட்டு வருகிறவர்கள் அநேகமாக இல்லை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, பிரிந்த ஓரத்தை அடிப்பது என்று கைமாறும் ஒவ்வொரு உடுப்பும் ஒரு தடவையாவது அவர் மெஷினுக்குக் கீழே போய்வர வேண்டியிருக்கும். 199 ரூபாய்க் குர்த்தியின் தையல் பிரிந்தால் யாரும் அவரிடம் எடுத்துப்போவதில்லை. அவர் கேட்கும் கூலிக்குக் கொஞ்சம் மேலே போட்டால் இன்னொன்று கிடைத்துவிடும்.